பாழடைந்த வழிபாட்டுக் கட்டடத்தைக் கலைக்கூடமாக மாற்ற எங்கிருந்து தொடங்குவது?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். பல பத்தாண்டுகளாகப் பூட்டிக் கிடக்கும் ஒரு பழைய வழிபாட்டுக் கட்டடம். கூரையில் ஒரு பகுதி இடிந்துவிட்டது. மீண்டும் வழிபாடு நடக்க வாய்ப்பில்லை. நீங்கள் சிலர் சேர்ந்து அதை இசை, நாடகம், கண்காட்சி நடக்கும் பொது இடமாக மாற்ற நினைக்கிறீர்கள். மேடை, முந்நூறு இருக்கைகள், ஏசி எல்லாம் போட்டு வரைபடமும் தயாராகிவிட்டது. பணம் திரட்டத் தொடங்கலாமா என்று கேட்கிறீர்கள்.

தாராளமாகத் தொடங்கலாம். ஆனால் முதல் ஆண்டில் சேரும் பணம் அந்த வரைபடத்துக்குப் போகக் கூடாது. எதை நடத்துவது என்று முன்பே முடிவு செய்துவிட்டு, கட்டடத்தை அதற்கேற்ப வளைக்கப் பார்ப்பதில்தான் இப்படிப்பட்ட திட்டங்கள் அதிகம் கெடுகின்றன. இந்தக் கட்டடம் எதைத் தாங்கும், எதற்கு இடம் கொடுக்கும் என்று முதலில் பார்த்து, அதற்கேற்பப் பயன்பாட்டை அமைத்துக்கொள்ள வேண்டும். அப்படிப் பார்க்க அவகாசம் தேவை. அதுவரை கட்டடம் விழாமல் நிற்க வேண்டும். அதனால் தண்ணீரிலிருந்து தொடங்குகிறேன்.

கைவிடப்பட்ட கட்டடத்தைக் கொல்வது பெரும்பாலும் வயது இல்லை, மழைநீர்தான். ஓர் ஓடு நகர்கிறது; நீர் உத்தரத்தின் முனை வரை இறங்குகிறது. சுவருக்குள் புதைந்திருக்கும் அந்த முனைக்குக் காற்றோட்டம் கிடையாது. அதனால் மரம் அங்கேதான் முதலில் உளுக்கும். முனை போனால் உத்தரம் இறங்கும், பின்னாலேயே கூரையும் இறங்கும், சுவரின் தலை வெட்டவெளியில் நிற்கும். பழைய தடித்த சுவர்கள் பலவும் முழுக் கல்லால் ஆனவை அல்ல. இரண்டு பக்கமும் நல்ல கல் வைத்து, நடுவில் உடைகல்லும் சுண்ணாம்பும் போட்டு நிரப்பியிருப்பார்கள். மேலிருந்து நீர் இறங்க இறங்க அந்த நிரப்பு கரைந்து அடியில் போய்ப் படியும். வெளிக்கல் வயிறு தள்ளத் தொடங்கும். வயிறு தள்ளிய சுவரைச் சரிசெய்ய ஆகும் செலவை, ஒரு தற்காலிகக் கூரைக்கு ஆகும் செலவோடு ஒப்பிடவே முடியாது.

ஆகவே முதல் வேலை சாரம் கட்டித் தகரக் கூரை போடுவது. அது சுவரை ஒட்டி மூடிவிடாமல், காற்றுப் போக இடைவெளி விட்டு நிற்க வேண்டும். நனைந்த சுவர் உலர வேண்டுமே. அடுத்து மழைநீர்க் குழாய், வடிகால், சுவரையொட்டி ஏறிக் கிடக்கும் மண். பல ஆண்டு மண் சேர்ந்து வெளித்தரை உள்தரையைவிட உயர்ந்திருந்தால், நீங்கள் எவ்வளவு பூச்சு பூசினாலும் அடிச்சுவரில் ஓதம் ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

சுவரில் முளைத்திருக்கும் செடிகளைத் தயவுசெய்து பிடுங்காதீர்கள். ஆர்வமுள்ள தன்னார்வலர்கள் முதல் ஞாயிற்றுக்கிழமையே செய்யும் வேலை அது. வேர் தடித்துப்போயிருந்தால், சில இடங்களில் கல்லை இறுக்கிப் பிடித்து வைத்திருப்பதே அந்த வேர்தான். இழுத்தால் கல்லும் கூடவே வரும். அடியில் வெட்டி, வேரைச் சாகடித்து, அது காய்ந்து சுருங்கும்வரை விட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, அந்த இடைவெளியை உடனுக்குடன் சுண்ணச்சாந்தால் நிரப்பிக்கொண்டே போக வேண்டும்.

உள்ளே குவிந்திருக்கும் இடிபாட்டையும் லாரியில் ஏற்றி அனுப்பிவிடாதீர்கள். விழுந்த ஓடு, வளைவுக் கல், ஆணி, வண்ணம் ஒட்டியிருக்கும் பூச்சுத் துண்டு எல்லாமே கூரை எப்படி இருந்தது, சுவரில் என்ன இருந்தது என்பதற்குச் சாட்சிகள். எங்கே கிடந்தது என்று குறித்து, படம் எடுத்து, எண் போட்டு அடுக்கி வையுங்கள். பறவை, வௌவால் எச்சம் உலர்ந்து கிடக்கும் இடத்தில் துடைப்பம் போடும் முன் நல்ல முகக்கவசம் வேண்டும். அந்தத் தூசியில் இருக்கும் பூஞ்சை நுரையீரலைத் தாக்கும். வௌவால்கள் சட்டப் பாதுகாப்பு பெற்ற உயிரினமாக இருக்கும் நாடுகளில், அவை குட்டி போடும் காலத்தில் கூரை வேலையே செய்ய முடியாது. இதைக் காலஅட்டவணை போடும்போதே விசாரித்துவிடுங்கள்.

இந்த வேலைகள் நடக்கும்போதே பேச வேண்டியவர்களிடம் பேசத் தொடங்குங்கள். வழிபாடு நின்றுபோனதால் அந்த இடம் யாருக்கும் சொந்தமில்லாமல் போய்விடாது. பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்பது ஒன்று. யாருக்கு அது இன்னும் புனிதமாக இருக்கிறது என்பது வேறொன்று. இரண்டுக்கும் விடை வேண்டும். பிரான்ஸில் அரசையும் திருச்சபையையும் பிரித்த 1905 சட்டத்துக்குப் பிறகு பழைய தேவாலயங்களில் பெரும்பாலானவை உள்ளாட்சிகளின் சொத்து. ஆனாலும் வழிபாட்டு உரிமை தனியாக நிற்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டத் தொகுப்பில் 1222ஆம் பிரிவு, வழிபாட்டிலிருந்து விலக்கப்பட்ட ஆலயத்தை உலகியல் பயன்பாட்டுக்குக் கொடுக்கலாம், ஆனால் இழிவான பயன்பாட்டுக்குக் கூடாது என்கிறது. வக்ஃபு சொத்து என்றால் அதற்கு வேறு விதிகள். சட்டம் எதுவாக இருந்தாலும், அங்கே திருமணம் செய்துகொண்டவர்கள், பெற்றோரை வழியனுப்பியவர்கள் இன்னும் உயிரோடு இருக்கலாம். என்னென்ன நிகழ்ச்சிகள் அங்கே நடக்கக் கூடாது என்பதை அவர்களோடு உட்கார்ந்து பேசி, ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். திறப்பு விழா முடிந்த பிறகு வரும் சண்டைக்கு மருந்து கிடையாது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஸ்லோவாக்கியாவின் ஜிலினா நகரில் இருக்கும் யூத ஆலயம். ஜெர்மானியக் கட்டடக் கலைஞர் பீட்டர் பெஹ்ரன்ஸ் வடிவமைத்து 1931இல் கட்டி முடிக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வழிபட ஆளின்றி, பல்கலைக்கழக அரங்காகவும் திரையரங்காகவும் இருந்தது. 2011இல் ஒரு குடிமக்கள் அமைப்பு அதை யூத சமூகத்திடமிருந்து நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்து, தன்னார்வலர்களையும் சிறு நன்கொடையாளர்களையும் சேர்த்துக்கொண்டு, 2017இல் கலைக்கூடமாகத் திறந்தது. விற்பனை இல்லை, குத்தகை. அந்த இடத்தின் மீது யூத சமூகத்துக்கு இருந்த உரிமை அறுந்துபோகவில்லை. இது ஒரு நல்ல முன்மாதிரி.

அடுத்தது கட்டடத்தை அளப்பது. விரிசல்கள் இருக்கும், எல்லா விரிசலும் ஆபத்தானவை அல்ல. நூறு ஆண்டுகளுக்கு முன் விழுந்து அப்படியே நின்றுவிட்டதும் இருக்கும், இந்த மாதம் வளர்ந்துகொண்டிருப்பதும் இருக்கும். பார்த்த மாத்திரத்தில் எந்தப் பொறியாளராலும் பிரித்துச் சொல்ல முடியாது. விரிசலின் குறுக்கே அளவுகோல் பதித்த சிறு பட்டைகளை ஒட்டி, மாதம் ஒருமுறை தேதி போட்டுக் குறித்து வாருங்கள். வெயில், மழை, குளிர் என்று ஒரு முழு ஆண்டுச் சுற்று வேண்டும். பருவத்தோடு விரிந்து சுருங்கிப் பழைய இடத்துக்கே வரும் விரிசலுக்குச் சிகிச்சை வேறு. ஒரே திசையில் போய்க்கொண்டிருக்கும் விரிசல் என்றால் அஸ்திவாரத்தைப் பார்க்க வேண்டும். லண்டனில் 1733இல் கட்டி முடிக்கப்பட்ட செயின்ட் லூக்ஸ் தேவாலயம் களிமண் தரையில் நின்றது. கட்டடம் இறங்கியதால் 1959இல் மூடி, கூரையையும் பிரித்துவிட்டார்கள். நாற்பது ஆண்டுகள் வெறும் சுவர்களாக வானம் பார்த்து நின்றது. இன்று அது லண்டன் சிம்பொனி இசைக்குழுவின் பயிற்சி அரங்கு, 2003இல் திறந்தார்கள். புதுக் கூரையைப் பழைய சுவர்களை மட்டும் நம்பி ஏற்றாமல், உள்ளே எஃகுத் தூண்களை நிறுத்தித் தாங்கவைத்திருக்கிறார்கள். சுவர்களால் எவ்வளவு முடியும் என்று தெரிந்த பிறகு எடுத்த முடிவு அது.

இனி நான் கொஞ்சம் விரிவாகப் பேச விரும்புவது சிமெண்ட் பற்றி. இன்று நாம் சிமெண்ட் என்று சொல்லும் போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை வாங்கியது 1824இல். அதற்கு முந்தைய கட்டடம் என்றால் அது பெரும்பாலும் சுண்ணாம்பிலோ மண்ணிலோ எழும்பியது என்று வைத்துக்கொள்ளலாம். அந்தச் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கும், பிறகு வெளியே விட்டுவிடும். நூற்றாண்டுகள் தாக்குப்பிடித்தது அப்படித்தான். அதன்மேல் சிமெண்ட் பூசினால் உள்ளே போன நீர் வெளியே வர வழியில்லை. அது பூச்சுக்குப் பின்னால் தேங்கி, மெல்ல மேலேறி, பூச்சு முடியும் உயரத்தில் உப்பாகப் பூக்கும். உப்பு படிகமாகும்போது பருத்துச் செங்கல்லின் முகத்தையே தோல் உரிப்பதுபோல் உரித்துவிடும். கல் இணைப்புகளில் சிமெண்ட் வைத்தால் இன்னும் மோசம்: சாந்து கல்லைவிடக் கடினமாகிவிடுவதால், கட்டடம் லேசாக அசையும்போது சாந்துக்குப் பதில் கல் உடைகிறது. சாந்து எப்போதும் கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும். தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம் என்பதற்காகவே அது அங்கே இருக்கிறது.

சுண்ணாம்பு வேலை பொறுமையைக் கேட்கும். சாந்து காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சித்தான் மீண்டும் கல்லாகிறது. அது மேற்பரப்பிலிருந்து மெதுவாக உள்ளே போகும். அதனால் மெல்லிய படலங்களாகப் பூசி, ஒவ்வொன்றுக்கும் நாள் கொடுத்து, ஈரச் சாக்கு போர்த்தி, கடும் வெயிலிலும் உறைபனியிலும் படாமல் காக்க வேண்டும். ஒப்பந்ததாரர் "சார், கொஞ்சம் சிமெண்ட் சேர்த்தா சீக்கிரம் முடிஞ்சிரும்" என்பார். அந்த இடத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். சுண்ணாம்பு தெரிந்த கொத்தனாரைத் தேடிப்பிடிப்பது கட்டடக் கலைஞரைத் தேடுவதைவிடக் கடினம், அதைவிட முக்கியமும்கூட. அவர் கிடைத்தால் இரண்டு இளைஞர்களை அவரிடம் வேலை கற்க விடுங்கள். இருபது ஆண்டு கழித்துப் பழுது பார்க்க ஆள் வேண்டும்.

எவ்வளவு தூரம் மீட்பது என்ற கேள்வி பெரும் விவாதத்துக்கு உரியது. பழைய கட்டடங்களைப் பாதுகாப்பது பற்றிய சர்வதேச ஆவணமான 1964இன் வெனிஸ் சாசனம் இதில் தெளிவாகப் பேசுகிறது: ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்பு நின்றுவிட வேண்டும், புதிதாகச் சேர்ப்பது பழையதோடு இசைந்து நிற்க வேண்டும், ஆனால் புதியது என்று பிரித்தறியவும் முடிய வேண்டும். அதே சாசனம், சமூகத்துக்குப் பயன்படும் ஒரு வேலை இருப்பது கட்டடத்தைக் காக்க உதவும் என்றும் சொல்கிறது. உங்கள் முயற்சிக்கு அது பெரிய ஆதரவு. அந்தப் பயன்பாடு கட்டடத்தின் அமைப்பையும் அலங்காரத்தையும் மாற்றிவிடக் கூடாது என்பது அதோடு வரும் நிபந்தனை.

இடிந்த பகுதியை "முன்பு இருந்ததுபோலவே" கட்டிவிடலாம் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். ஆதாரம் போதுமான அளவு இருந்தால் செய்யலாம். இல்லாவிட்டால் அது நம் கற்பனை. ஸ்பெயினின் கத்தலோனியாவில் சாந்த்பெடோர் என்ற ஊர். அங்கே பதினெட்டாம் நூற்றாண்டு பிரான்சிஸ்கன் மடத்தின் தேவாலயம் பாழாகி நின்றது. மடம் 2000இல் இடிக்கப்பட்டு, தேவாலயம் மட்டும் மிஞ்சியது. டேவிட் க்ளோசஸ் என்ற கட்டடக் கலைஞர் அதைப் பண்பாட்டு அரங்காக மாற்றினார்; வேலை 2011இல் முடிந்தது. கூரை இடிந்து வெளிச்சம் விழுந்துகொண்டிருந்த இடங்களில் வெளிச்சத்தை அப்படியே விட்டுவைத்தார். படிக்கட்டு, சாதன அறைகள் போன்றவை பழைய கூடத்தை அடைக்காமல் பெரும்பாலும் வெளிப்பக்கமாகச் சேர்ந்தன. அதே கத்தலோனியாவின் கோர்பெரா தெப்ரே ஊரில், ஸ்பானிய உள்நாட்டுப் போரின்போது 1938இல் நடந்த எப்ரோ சண்டையில் சிதைந்த தேவாலயத்துக்கு ஒளி ஊடுருவும் மெல்லிய பிளாஸ்டிக் படலத்தால் கூரை போட்டிருக்கிறார்கள். மழை உள்ளே வராது. போர் கிழித்த கூரையின் திறப்பு இன்னும் கண்ணுக்குத் தெரியும். கட்டடத்துக்கு நேர்ந்ததும் அதன் வரலாறுதான், அதை மூடி மறைக்க வேண்டியதில்லை என்பதே என் நிலைப்பாடும்.

இப்போது உங்கள் முந்நூறு இருக்கை அரங்குக்கு வருகிறேன். இங்கேதான் கட்டடம் தன் விருப்பத்தைச் சொல்லும். வழிபாட்டுக் கூடங்கள் உயரமானவை, சுவர் கல்லோ காரையோ. ஒலியை உறிஞ்ச அங்கே எதுவும் இல்லை. ஒலி நின்ற பிறகும் எத்தனை விநாடி முழக்கம் தொடரும் என்பதற்கு இயற்பியலாளர் வாலஸ் சபைன் கண்டுபிடித்த எளிய கணக்கு இருக்கிறது: கூடத்தின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, உறிஞ்சும் பரப்பால் வகுக்க வேண்டும். உறிஞ்சும் பரப்பு என்பது சுவரின் மொத்தப் பரப்பு அல்ல; கூடம் உறிஞ்சும் ஒலி, ஒலியை முழுவதுமாக விழுங்கும் எத்தனை சதுர மீட்டருக்குச் சமம் என்ற அளவு. உங்கள் கூடம் 30 மீட்டர் நீளம், 14 மீட்டர் அகலம், 14 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். கிட்டத்தட்ட 6000 கன மீட்டர். பெருக்கினால் 966. வெறும் கல் கூடத்தின் உறிஞ்சும் பரப்பு 160 சதுர மீட்டர் என்றால் முழக்கம் 6 விநாடி. முந்நூறு பேர் வந்து உட்கார்ந்தால், ஆளுக்கு அரை சதுர மீட்டர் வீதம் இன்னும் 150 சேரும். 3 விநாடிக்கு இறங்கும். சேர்ந்திசைக்கும் ஆர்கனுக்கும் அது அருமை. பேச்சு புரிய வேண்டுமென்றால் 1 விநாடியை ஒட்டி வர வேண்டும். அதற்கு இன்னும் அறுநூறு சதுர மீட்டருக்கு மேல் உறிஞ்சும் பொருள் வேண்டும். அதாவது சுவர்களில் பாதியைப் பஞ்சுப் பலகையால் மூட வேண்டும். அதன்பின் நீங்கள் காப்பாற்றியது எந்தக் கட்டடத்தை?

இப்போதே சோதிக்கலாம். கூடத்தின் நடுவில் ஒரு பெரிய பலூனை உடைத்து, கைபேசியில் பதிவு செய்து, ஒலி தேய்ந்து மறையும் நேரத்தைப் பாருங்கள். ஆனால் அந்த அளவை நம்பி முடிவெடுக்காதீர்கள். கூரையில் இருக்கும் ஓட்டை ஒலியை முழுவதுமாக வெளியே விட்டுவிடுகிறது. 100 சதுர மீட்டர் ஓட்டை என்பது 100 சதுர மீட்டர் உறிஞ்சும் பரப்புக்குச் சமம். இன்று 4 விநாடிக்குள் கேட்பது, கூரை மூடியதும் 6 ஆகிவிடும். பாழடைந்த நிலையில் நாடகம் போட்டுப் பார்த்து "நன்றாகக் கேட்கிறதே" என்று மகிழ்ந்தவர்கள், வேலை முடிந்த பிறகு தவிப்பது இதனால்தான்.

என் பரிந்துரை இது. குரலிசை, கருவியிசை, கண்காட்சி, வாசிப்பு, பட்டறை ஆகியவற்றை இந்தக் கட்டடத்தின் முதன்மை வேலையாக வையுங்கள். பேச்சு நிகழ்ச்சிக்கு, கேட்பவர் அருகிலேயே சிறு ஒலிபெருக்கிகளைக் குறைந்த சத்தத்தில் வையுங்கள். தேவைப்படும்போது இறக்கி ஏற்றும் தடித்த திரைகள் கொஞ்சம் உதவும். வசனம் நிறைந்த நாடகத்துக்கும் டிரம்ஸ் வைத்த கச்சேரிக்கும் வேறு இடம் தேடுங்கள். ஆம்ஸ்டர்டாமின் பாரடிசோ பழைய தேவாலயம்தான், 1968 முதல் புகழ்பெற்ற இசையரங்கு. அதை வைத்து எல்லாக் கட்டடத்திலும் அது நடக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உள்ளே எதைப் போட்டாலும் திரும்ப எடுக்க முடிய வேண்டும். நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் பதின்மூன்றாம் நூற்றாண்டு தொமினிக்கன் தேவாலயம் 2006இல் புத்தகக் கடையானது. கடைக்குத் தேவையான தளப்பரப்பு கூடத்தில் இல்லை. சுவரில் தளம் அமைக்காமல், பல அடுக்குக் கறுப்பு எஃகு அலமாரி ஒன்றை ஒருபக்கமாக நிறுத்தினார்கள். அதன் படிகளில் ஏறினால் வளைவுக் கூரைக்கு அருகே போய்விடலாம். மறுபக்கம் கூடத்தின் முழு உயரமும் திறந்தே இருக்கிறது. நாளை கடை மூடினால் அலமாரியைக் கழற்றிக்கொண்டு போகலாம், தேவாலயம் அப்படியே இருக்கும்.

ஏசி விஷயத்தில் எச்சரிக்கையாக இருங்கள். சுவரோவியம் இருந்தால், அல்லது வெள்ளைப் பூச்சுக்கு அடியில் இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலே, நிகழ்ச்சி நாளில் மட்டும் குளிரூட்டியோ வெப்பமூட்டியோ ஓட்டுவது கேடு. சுவரில் இருக்கும் உப்பு, காற்று உலரும்போது படிகமாகிறது, ஈரமாகும்போது கரைகிறது. ஒவ்வொரு சுற்றிலும் வண்ணம் கொஞ்சம் உதிரும். மெதுவாக மாறும் சூழல் நல்லது. மேல் சாளரங்களைத் திறக்கும் வசதியும் ஆட்களுக்கு அருகில் மட்டும் காற்று அல்லது வெப்பமும் பெரும்பாலும் போதும்.

கழிவறையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பழைய கட்டடத்தில் அது இருந்திருக்காது; வெளியே தனிக் கட்டடமாக வைப்பதே சரி. ஆனால் அதற்குக் குழாய்ப் பள்ளம் தோண்டும் இடத்தில் கல்லறைகள் இருக்கலாம். தேவாலயங்களின் தரைக்கு அடியிலும் சுற்றிலும் அடக்கம் செய்வது நீண்டகால வழக்கம். தொல்லியலாளர் இல்லாமல் மண்வெட்டி படக் கூடாது. வாசலும் அப்படித்தான்: ஒரே பெரிய கதவு, அதுவும் உள்நோக்கித் திறக்கும். முந்நூறு பேர் வெளியேற இரண்டாவது வழி இல்லை என்றால் தீயணைப்புத் துறை முந்நூறு பேரை அனுமதிக்காது; அனுமதிக்கவும் கூடாது. புது வாசல் உடைப்பதைவிட, நூற்றிருபது பேரோடு நிறுத்திக்கொள்வது எவ்வளவோ மேல்.

தீ பெரும்பாலும் வேலை நடக்கும்போதே வருகிறது. பாரிஸின் நோத்ர தாம் பேராலயம் 2019 ஏப்ரல் 15 அன்று எரிந்தது மீட்புப் பணி நடந்துகொண்டிருந்தபோதுதான். பழைய மரக்கூரைக்கு அருகில் வெல்டிங் உள்ளிட்ட எந்தச் சூட்டு வேலையும் வேண்டாம் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். தற்காலிக மின்இணைப்பை ஒவ்வொரு மாலையும் துண்டிக்க ஒருவரைப் பெயர் குறிப்பிட்டுப் பொறுப்பாக்குங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, எல்லாம் சேர்ந்த பிறகு தொடங்கலாம் என்று காத்திருக்காதீர்கள். கூரை பாதுகாப்பானதும், பொறியாளர் ஒப்புக்கொண்ட ஒரு பகுதியை மட்டும் தடுத்து, பகல் வெளிச்சத்தில் ஐம்பது பேருக்குச் சிறு நிகழ்ச்சி வையுங்கள். நாற்காலியை மடக்கிக் கொண்டுவந்து மடக்கி எடுத்துப் போகட்டும். எந்த மூலையில் குரல் நன்றாகக் கேட்கிறது, மாலை வெளிச்சம் எங்கே விழுகிறது, மக்கள் தாமாக எங்கே போய் உட்காருகிறார்கள் என்பதெல்லாம் அப்போது தெரியும். நன்கொடை கொடுப்பவர்களுக்கும் கணினியில் வரைந்த படத்தைவிட, உள்ளே நின்று கேட்ட ஒரு பாட்டு அதிகம் சொல்லும். இரண்டு ஆண்டுகள் இப்படி நடத்திய பிறகு கட்டடக் கலைஞரிடம் போனால், அவருக்குக் கொடுக்க உங்களிடம் விரிசல் அளவுகள், ஒலி அளவுகள், எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கு எல்லாம் கையில் இருக்கும்.

கட்டுமானச் செலவுக்கு மானியம் கிடைத்துவிடும்; பராமரிப்புக்குக் கிடைப்பதுதான் அரிது. இங்கிலாந்தில் பயன்பாடு நின்ற 350க்கும் மேற்பட்ட தேவாலயங்களைப் பார்த்துக்கொள்ள, 1969இல் நிறுவப்பட்ட ஓர் அறக்கட்டளை இருக்கிறது. அப்படி ஒன்று பின்னால் இல்லாத இடத்தில் நீங்களேதான் அந்த ஏற்பாடு. ஆகவே அறக்கட்டளைப் பத்திரம் எழுதும்போதே, ஆண்டுதோறும் மழைக்கு முன்பும் பின்பும் கூரைமேல் ஏறிக் குழாய்களைச் சுத்தம் செய்பவருக்கான சம்பளத்தையும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை பொறியாளர் வந்து முழுக் கட்டடத்தையும் பார்ப்பதற்கான கட்டணத்தையும் தனி நிதியாக ஒதுக்குங்கள். நிகழ்ச்சிச் செலவுக்கு எவ்வளவு தட்டுப்பாடு வந்தாலும் அந்த நிதியில் கை வைக்கக் கூடாது என்று விதியும் எழுதிவிடுங்கள்.